பிளாஸ்திரி ஒத்துக்காத கல்யாணப்பொண்ணு

கென்ஜேகான் அக்காவின் குரல் தெரியாதவர்கள் எங்கள் மலையூரான நாரினில் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷமாக மைக் பிடிப்பவள் அவள். தலைநகர் பிஷ்கேக்குக்கு வண்டி கிளம்புகிறது என்று அவள் அறிவித்தால் ஆற்றுக்கு அந்தக் கரையில் மாடு மேய்ப்பவனுக்கும் நேரம் தெரிந்துவிடும். அந்தக் குரல் மே மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, எங்கள் ஆஸ்பத்திரியின் கட்டு மாற்றும் அறையிலிருந்து கிளம்பியது. கிளப்பிவிட்டது நான்.

நான் சோனுன். அறுவை சிகிச்சை வார்டில் கட்டு மாற்றும் நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். என் கை வேகத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிளாஸ்திரியை மெதுவாக உரித்தால் வலியும் மெதுவாக நீளும், ஒரே இழுப்பில் எடுத்துவிட்டால் நோயாளி வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது என் கட்சி. மூணு வரைக்கும் எண்ணுவேன் என்று சொல்லிவிட்டு, ரெண்டிலேயே இழுத்துவிடுவேன். எல்லோரும் ஏமாந்துபோவார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட.

கென்ஜேகான் அக்காவுக்குத் திங்கட்கிழமை பித்தப்பையை எடுத்திருந்தார்கள். விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல். அதன்மேல் பஞ்சுத்துணி வைத்து, சுற்றிலும் நாலு பக்கமும் பிளாஸ்திரி. அந்த வசந்தத்தில்தான் புதுப் பிளாஸ்திரி வந்திருந்தது. யாரோ எங்கிருந்தோ தானமாக அனுப்பிய பெட்டி. வெள்ளைவெளேர் என்று பார்க்க அழகாக இருக்கும். ஒட்டினால் செருப்புக்கு அடித்த பசை மாதிரி நிற்கும். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

"மூணு எண்ணுவேன் அக்கா. ஒண்ணு... ரெண்டு..."

இழுத்தேன். அக்கா ஒரு நொடி மூச்சை உள்ளே பிடித்தாள். பிறகு மைக்கில் பேசுகிற அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

"பயணிகள் கவனிக்கவும்! நாலாவது வார்டு கென்ஜேகானோட தோலு, அவளை விட்டுட்டுத் தனியா பிஷ்கேக் கெளம்பிருச்சு! வழியனுப்ப வந்தவங்க ஓரமா நில்லுங்க!"

தாழ்வாரத்தில் ஆண்கள் வார்டுவரைக்கும் சிரிப்பு கேட்டது. நானும் சிரித்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன்தான். எல்லோருக்கும் வருவதுதானே என்று அடுத்த கட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தபோது எனக்கே திக்கென்றது. தையலைச் சுற்றி வயிறு சிவந்து தடித்திருந்தது. ஓரங்களில் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம். ரெண்டு இடத்தில் தோல் உரிந்து கசிந்தது. ராத்திரியெல்லாம் அரிப்பு, சொறிந்தேன் என்றாள்.

"யாரு சொறியச் சொன்னா? கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டு டாக்டர் எர்னாசரைக் கூப்பிட்டேன்.

எர்னாசருக்கு முப்பத்தொரு வயது. பிஷ்கேக் பையன். நல்ல கை, நல்ல மனசு. ஆனால் வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எதைப் பார்த்தாலும் முதலில் பயம்தான் வரும்.

"கிருமி பரவுது," என்றார். "மருந்தை மாத்துறேன். திங்கட்கிழமைக்குள்ள வத்தலைன்னா ரெண்டு தையலைப் பிரிச்சு உள்ள பார்க்கணும். எப்படியும் இன்னும் ரெண்டு வாரம் இங்கதான் இருக்கணும்மா."

"அது முடியாது தம்பி. அடுத்த சனிக்கிழமை கல்யாணம்."

"பொண்ணு கல்யாணமா? தள்ளி வைக்க முடியாதா?"

"எம்பொண்ணுக்கு ஆகி ஆறு வருஷமாச்சு. கல்யாணம் எனக்கு."

எர்னாசர் காது நுனிவரைக்கும் சிவந்து, கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை மாம்பெத். பிஷ்கேக் போகும் வேன் ஓட்டுகிறவர், அறுபதை நெருங்கியவர், மனைவி போய்ப் பதினோரு வருஷம். அக்காவும் அதேபோல வெகுநாளாகத் தனி. ஒவ்வொரு காலையும் மாம்பெத் அவளுடைய ஜன்னலுக்கு வந்து வண்டியில் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்ல வேண்டும். எட்டு வருஷமாக அவர் அவளிடம் பேசிய பேச்சு "பதினாலு" என்கிற ஒன்றுதான். குளிர்காலத்தில் சில நாள் "பன்னெண்டு". போன மார்ச்சில் ஒருநாள் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பதினாலு. நீ வந்தா பதினஞ்சு" என்றாராம். மைக் அணைக்காமல் இருந்ததால் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டுவிட்டது. அவள் சரி என்று சொன்னதும் கேட்டது.

தேதியைத் தள்ளிவைக்க வழியில்லை. மாம்பெத்தின் ஒரே தம்பி ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறவன். கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயிறு ராத்திரி ரயில். இனி அவன் வர ஒரு வருஷம் ஆகும்.

"அது மட்டுமில்ல சோனுன்," என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். "இன்னும் ரெண்டு வாரம் யோசிக்க விட்டா, அந்த மனுஷன் மறுபடியும் எட்டு வருஷம் பதினாலு பதினாலுன்னே சொல்லிக்கிட்டிருப்பாரு."

மாம்பெத் தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு நேராக வருவார். ஒரு பாத்திரம் நிறைய ஆட்டுக்கறி சூப்பு கொண்டுவருவார். மேலே கொழுப்பு ஒரு விரல் கனத்துக்கு மிதக்கும். பித்தப்பை எடுத்தவளுக்கு இது விஷம் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் மறுபடியும் கொண்டுவருவார். பக்கத்துக் கட்டில்காரர்கள் குடித்துக் குடித்துக் கன்னம் உப்பிப்போனார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா என்னிடம் கைக்கண்ணாடி கேட்டாள். கல்யாணப்பெண் முகம் பார்க்கிறாளாக்கும் என்று கொடுத்தேன். அவள் சட்டையைத் தூக்கி, மேலே சும்மா வைத்திருந்த துணியை விலக்கி வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம்.

"சோனுன், இங்க வா. இந்தக் கிருமி எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கு?"

"என்ன அக்கா?"

"பாரு. ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரில்ல செவந்திருக்கு. மூலைகூடக் கச்சிதமா இருக்கு. தையல் பக்கத்துல வெள்ளையா, சுத்தமா இருக்கு. கிருமின்னா உள்ளயிருந்துதானே வெளிய வரும்? இது வெளியவே சட்டம் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

குனிந்து பார்த்தேன். தையல் காய்ந்து, ஓரம் சேர்ந்து, நூல் பிடித்தாற்போல இருந்தது. சீழ் இல்லை, வாடை இல்லை. காய்ச்சலும் இல்லை. சிவப்பு நாலு பட்டையாக, நான் ஒட்டிய பிளாஸ்திரியின் அகலத்துக்கு அப்படியே இருந்தது. காலையிலும் நான் அதைப் பார்த்தேன்தான். ஆனால் பார்க்கவே இல்லை.

"நீங்க சொறிஞ்சதால வந்திருக்கும்," என்றேன். வாய் விட்டுக்கொடுக்கவில்லை.

"அரிச்சதுனால சொறிஞ்சேன் தாயீ. எது முதல்ல வந்துச்சு? சரி, நீ நம்ப வேண்டாம். வெள்ளோட்டம் விட்டுப் பாத்துருவோம். புது வண்டின்னா நாங்க அப்படித்தான் செய்வோம்."

சனிக்கிழமை காலை வெள்ளோட்டம் நடந்தது. அக்காவும், குடல்வால் ஆபரேஷன் ஆன ஆய்தா என்கிற கல்லூரிப் பெண்ணும், இன்னும் ரெண்டு பேரும் கைகளை நீட்டினார்கள். இடது முன்கையில் புதுப் பிளாஸ்திரி ஒரு துண்டு. வலது முன்கையில், அலமாரி அடியில் மிச்சமிருந்த பழைய காகிதப் பிளாஸ்திரி ஒரு துண்டு. மேலே பேனாவால் நேரம் எழுதினோம்.

"நர்ஸம்மா கை எங்க?" என்றாள் ஆய்தா.

"எனக்கு எதுக்கு?"

"இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் ஒட்டுறே. ஒரு நாளாவது நீ ஒட்டிக்கிட்டுப் பாத்தியா?" என்றாள் அக்கா.

பார்த்ததில்லை. கையை நீட்டினேன்.

ஜன்னலோரக் கட்டிலில் புருல் பெரியம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. கூட்டுப்பண்ணை நாட்களில் டிராக்டர் ஓட்டியவர். கெண்டைக்காலில் ஆறாத புண் என்று வந்திருந்தார். அவரும் கையை நீட்ட வந்தார்.

"பெரியம்மாவுக்கு வேண்டாம்," என்றாள் அக்கா சட்டென்று. "சோனுன், நீ அவங்க காலைப் பாத்தியா?"

"நேத்துதான் கட்டு மாத்துனேன்."

"புண்ணைப் பாத்திருப்பே. மத்ததைப் பாரு."

பெரியம்மா வேண்டாம் வேண்டாம் என்று பாவாடையை இழுத்துக்கொண்டார். அக்கா விடவில்லை. காலுறையை இறக்கினோம். புண்ணுக்கு மேலேயும் கீழேயும், பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடங்களில், வெங்காயச் சருகு போல் தோல் கிழிந்து சுருண்டிருந்தது. ஒரு கிழிசல் காய்ந்திருந்தது, இன்னொன்று புதுசு. அது நேற்று நான் செய்தது. அந்தக் கட்டை நான் எண்ணிக்கூட இழுக்கவில்லை.

"ஏன் பெரியம்மா சொல்லல?"

"உனக்கு வேலை ஜாஸ்திம்மா," என்றார். "வாசல்ல பத்துப் பேரு நிக்கிறாங்க. உங்கையும் வேகமான கை. நான் எதுக்கு நடுவுல?"

இன்னும் நின்றால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. காலுறையை மெதுவாக ஏற்றிவிட்டு, வெளியே போய்க் கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். தையல் பிரிக்கும் தட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"தம்பி, கத்தரிக்கோலைக் கீழ வைங்க. முதல்ல கையப் பாருங்க," என்றாள் அக்கா.

ஒவ்வொன்றாக எடுத்தோம். அக்காவின் இடது கையில் சிவப்பாக, தடிப்பாக, கொப்புளத்தோடு ஒரு சதுரம். வலது கை சுத்தம். ஆய்தாவுக்கு இடது கையில் லேசான சிவப்பு. மற்ற ரெண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. எர்னாசர் அக்காவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"இங்க புண்ணே இல்லையே," என்றார் மெதுவாக.

"அதைத்தான் சொல்றேன்."

"காய்ச்சல் இல்ல. ரத்தப் பரிசோதனையும் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான்..." ஒரு பெருமூச்சு விட்டார். "பிளாஸ்திரி உங்களுக்கு ஒத்துக்கல அம்மா. கிருமி இல்ல. நான் தப்பா நெனச்சுட்டேன்."

நோயாளி முன்னால் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அக்கா அவர் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். எர்னாசருக்கு மறுபடியும் காது சிவந்தது.

"இன்னும் ஒரு கை பாக்கி இருக்கு," என்றாள் ஆய்தா.

என் கைதான். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று பின்னால் போனேன். நாலு பெண்கள், அதில் ரெண்டு பேர் வயிற்றில் தையலோடு, என்னை மறித்துவிட்டார்கள்.

"உன் கட்சி என்ன சோனுன்? ஒரே இழுப்பு. பயப்படாதே. மூணு எண்ணுவேன்," என்றாள் அக்கா. "ஒண்..."

ஒன்றைக்கூட முழுசாகச் சொல்லவில்லை. பாவி இழுத்துவிட்டாள். முன்கையின் ரோமமெல்லாம் வேரோடு போனது. நான் போட்ட கூச்சலில் ஆண்கள் வார்டிலிருந்து ஊன்றுகோலோடு ஒருத்தர் என்ன ஆச்சு என்று ஓடிவந்துவிட்டார். புருல் பெரியம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கை எரிந்தது. ஆனாலும் அவர் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மத்தியானம் நான் வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டேன். பிளாஸ்திரி ஓரத்தில் வாஸ்லின் எண்ணெயைத் தொட்டு ஊறவிட வேண்டும். ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரியை மேலே தூக்காமல், அதன்மேலேயே மடித்துத் தாழ்வாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு கட்டுக்கு ஏழு நிமிஷம் பிடித்தது. பெரியம்மாவின் காலுக்கு இனி பிளாஸ்திரியே வேண்டாம் என்று மெல்லிய வலைத்துணி உறை போட்டேன். போட்டு முடித்து நிமிர்ந்தால், மேஜைமேலேயே தூங்கிப்போயிருந்தார். கட்டு மாற்றும் அறையில் யாராவது தூங்குவார்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வெளியே வரிசை நீண்டது. முணுமுணுத்தார்கள். தங்கள் முறை வந்தபிறகு முணுமுணுக்கவில்லை.

அக்காவுக்கு வேறு சிக்கல். உரிந்த தோலில் காகிதப் பிளாஸ்திரிகூடப் படக்கூடாது என்றார் டாக்டர். துணியைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன். நாலு எட்டு நடந்தால் போதும், நழுவி இடுப்பில் வந்து நின்றது.

"பெல்ட் மாதிரி அகலமா ஒண்ணு வேணும்," என்றார் எர்னாசர். "நடுவுல பஞ்சுத்துணியைத் தாங்குற மாதிரி, முன்னாடி நாடாவால முடிச்சுப் போடுற மாதிரி. பிஷ்கேக்குல கிடைக்கும். ஆனா அளவு சரியா இருக்கணும்."

கதவோரம் சூப்புப் பாத்திரத்தோடு நின்றிருந்த மாம்பெத் தொண்டையைக் கனைத்தார். எட்டு வருஷத்தில் "பதினாலு" தவிர வேறு பேசாதவர்.

"நான் தைப்பேன்," என்றார். "எங்கிட்ட மெஷின் இருக்கு. வேன் சீட்டுக்கெல்லாம் உறை நான்தான் தைக்கிறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

தாழ்வாரத்தில் என்னை ஒதுக்கி அழைத்துப்போய்க் கேட்டார். "தங்கச்சி, அளவு... அவங்க இடுப்பு அளவு... எனக்கு எப்படித் தெரியும்?"

நான் உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன்.

"சனிக்கிழமை வரைக்கும் அது அவருக்குத் தேவையில்லாத விஷயம்னு சொல்லு!"

"அக்கா, அது தெரியாம தைக்க முடியாது."

"அப்ப நாலு விரக்கடை குறைச்சுச் சொல்லு."

"குறைச்சா மூச்சு முட்டும்."

"சரி, சரி, உள்ளதைச் சொல்லு. ஆனா சத்தமா சொல்லாதே."

தாளில் எழுதி நாலாக மடித்துக் கொடுத்தேன். மாம்பெத் பிரித்துப் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

புதன்கிழமை தையல் எடுத்தோம். ஓரம் அழகாகச் சேர்ந்திருந்தது. அன்றைக்கே பெல்ட்டும் வந்தது. உள்பக்கம் ரெண்டு மடிப்புப் பருத்தி, கொதிக்க வைத்து இஸ்திரி போட்டது. தையல் வரி ஒன்றுகூட உடம்பில் உறுத்தாதபடி எல்லா மடிப்பும் வெளிப்பக்கம் திருப்பியிருந்தது. பஞ்சுத்துணிக்குத் தனியாக ஒரு பை. முன்னால் ஆறு நாடா. வெளிப்பக்கம் மட்டும் கருஞ்சிவப்பு வெல்வெட்.

கட்டிவிட்டேன். அக்கா வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். திரும்பினாள், குனிந்தாள். இம்மியும் நகரவில்லை. வெல்வெட்டைத் தடவிப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"இது முதல் சீட்டுத் துணிதானே? டிரைவர் பக்கத்து சீட்டு?"

மாம்பெத் தலையாட்டினார்.

"அந்த சீட்டுல இப்ப யாரு உக்காருவா?"

"துணியில்லாம இருக்கு," என்றார் மாம்பெத். "யாரையும் உக்கார வைக்கல."

பஸ் ஸ்டாண்டையே அதட்டி நடத்துகிறவள் வெல்வெட்டை இன்னொரு தரம் தடவினாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆய்தாதான் நிலைமையைக் காப்பாற்றினாள். "பெரியப்பா, எனக்கும் ஒண்ணு தைச்சுக் கொடுங்க. ஆனா எனக்குக் கடைசி சீட்டுத் துணி போதும்!"

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். தானமாக வந்த அந்தப் பிளாஸ்திரிப் பெட்டியை ஆஸ்பத்திரி என்ன செய்தது என்றால், ஒவ்வொரு புது நோயாளிக்கும் முதல் நாளே கையில் சின்னத் துண்டு ஒட்டிப் பார்க்கிறோம். ஒத்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும், அதுவும் எண்ணெய் தொட்டுத்தான் எடுக்கிறோம். அக்கா வயிற்றின் சிவப்பு முழுசாக மறைய ஜூன் நடு ஆயிற்று. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் முல்லா வந்து ஓதினார். மாம்பெத்தின் வீட்டு முற்றத்தில் பெரிய கூடாரம் போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டின் டிரைவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அன்றைக்கு நாரினிலிருந்து பிஷ்கேக் போக வேண்டியவர்கள் எப்படிப் போனார்கள் என்று தெரியவில்லை. நீல உடையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். புருல் பெரியம்மாவை டாக்டரே தன் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டான போர்சோக் மலைபோலக் குவிந்திருந்தது. அக்காவுக்கு மட்டும் கொழுப்பு நீக்கிய கறி. அதைத் தட்டில் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தது மாம்பெத்.

வெந்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து எர்னாசர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அதை வெட்டிப் பங்கு வைக்கிற மரியாதை அன்றைக்கு அவருக்கு. பிஷ்கேக் பையன் ஆயிற்றே, ஜென்மத்தில் ஒரு தலையை வெட்டியதில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு, காதோரம் விரலால் தடவி, எங்கே எலும்பு, எங்கே சவ்வு என்று தேடினார். நெற்றியில் வேர்வை.

"என்ன டாக்டர், மயக்க மருந்து கொடுக்கணுமா?" என்றான் மாம்பெத்தின் தம்பி.

"பயப்படாம அறுங்க தம்பி, அது எந்திரிச்சு ஓடாது," என்றார் ஒரு டிரைவர்.

எர்னாசர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் பிடித்தாற்போல ஒரு கோடு இழுத்து, காதை அப்படியே சேதமில்லாமல் எடுத்துத் தட்டில் வைத்தார். பழக்கதோஷம், பக்கத்தில் இருந்த துணியால் வெட்டிய இடத்தை ஒற்றியும் எடுத்தார். கூடாரமே அதிர்ந்தது. புருல் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாம்பெத் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

"அய்யோ, போதும்! சிரிக்க வைக்காதீங்க, வயிறு இழுக்குது!" என்று அக்கா ரெண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

யார் கேட்டார்கள்? டாக்டர் ரெண்டாவது காதுக்குப் போய்விட்டார்.